விட்டுப்போன ஏகாரம்

என்னிடம் பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிப்பது மாதிரி என்று என் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் மனுஷர் லீவு போட்டு, சமையல் முழுவதையும் தானே செய்து, எனக்குத் தட்டு வைத்து, எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி வந்து, "பரவாயில்லை" என்றேன். அவர் முகம் போன போக்கு எனக்கு அப்போது புரியவில்லை. அதைவிட ருசியாக நான் அதுவரை சாப்பிட்டதே இல்லை. மகள் பள்ளியில் முதலாவதாக வந்தபோதும் "பரவாயில்லை"தான். அவளுக்குப் பழகிவிட்டது. "அம்மா அகராதியில அதுக்கு மேல பக்கம் கிடையாதுப்பா" என்று அவரைச் சமாதானப்படுத்துவாள்.

வீட்டில் இதெல்லாம் சிரிப்புக்கு ஆகும். ஒரு மனிதரின் பிழைப்பு இந்தச் சொல்லில் போய் மாட்டிக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று சொல்வதிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் தூக்கம் வருமோ என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒரு மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். கம்பெனிகளிலிருந்து பெட்டி பெட்டியாக மருந்து வரும். அதை அடுக்கி, கேட்கும் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வெறும் தூக்கி வைக்கும் வேலை. உள்ளே எங்களுக்கு உயிர் போகும் விஷயம் ஒன்று இருக்கிறது, காலாவதித் தேதி. எது முதலில் காலாவதியாகுமோ அது முதலில் வெளியே போக வேண்டும். ஒரு பெட்டி பின்வரிசையில் மறைந்துகொண்டால் முடிந்தது கதை.

எங்கள் கிடங்கில் எந்தப் பெட்டியும் மறைந்துகொள்ள முடியாதபடி பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவருக்கு 'தேதி' என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. பொருத்தமாக வைத்தார்கள். "நாலாவது வரிசை, மேல் தட்டு, சர்க்கரை மாத்திரை?" என்று கேட்டால், அண்ணாந்துகூடப் பார்க்காமல் மாசத்தையும் வருஷத்தையும் சொல்லுவார். நாற்பத்து நாலு வயசு, ஒல்லி உடம்பு, அதிர்ந்து பேசாத சுபாவம். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் நான் திட்டுவதற்குக் காரணம் தேடித் தேடி அலுத்துப்போன ஒரே ஆள் அவர்தான்.

போன வருஷம் ஹெட் ஆபீஸில் ஒரு கருவி வாங்கினார்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் பார்கோடு சீட்டை அதனிடம் காட்டினால் தேதியை அதுவே சொல்லும். ஆகவே தேதிக்கு இனி வேலை இல்லை என்று முடிவு கட்டினார்கள். கடைசி நாள் அவர் தன் தண்ணீர் பாட்டிலையும் பழைய ஸ்வெட்டரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றார். குளிர்ப் பெட்டி அறைக்குள் போகும்போது போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர் அது.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். "இந்தக் கருவி ஆறு மாசத்துல பல்லை இளிச்சிடும். நான் உங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கறேன்."

"நீங்க சொன்னா சரி மேடம்" என்றார்.

கருவி மூன்றே மாசத்தில் பல்லை இளித்தது. சீட்டு ஈரமாகியிருந்தால் அதற்குப் படிக்க வராது. பெட்டி திரும்பி உட்கார்ந்திருந்தால் கண்ணே தெரியாது. காலாவதியான சரக்கு கடைகளிலிருந்து திரும்பி வர ஆரம்பித்தது. நான் ஹெட் ஆபீஸுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன், அந்த இடத்துக்குத் திரும்ப ஆள் வேண்டும் என்று. 'பார்க்கலாம்' என்று பதில் வந்தது. 'முடியாது' என்று வராததே எனக்குப் பெரிசாக இருந்தது.

கடிதம் போய் மூன்று வாரம் இருக்கும். மத்தியானம், லாரியிலிருந்து ஐஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். ஊசி மருந்து, வெயிலில் நிற்கக்கூடாத சரக்கு. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஒரு இளம் பெண் குரல், மூச்சு விடாத பேச்சு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோருக்குப் பொறுப்பாளர் எடுக்கிறார்களாம். தேதி விண்ணப்பம் போட்டு, மூன்று சுற்று தாண்டி, கடைசி இரண்டு பேரில் ஒருவராக நிற்கிறாராம். விசாரிப்பதற்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"அஞ்சே நிமிஷம் மேடம். நேரத்துக்கு வருவாரா?"

"வருவார்."

"நாணயம் எப்படி?"

"அதுல குறை சொல்ல முடியாது."

"வேலை எப்படிப் பார்ப்பார்?"

இந்த இடத்தில் நான் ஒரு மூச்சு நின்றேன். அந்த ஒரு மூச்சில் என் மனசுக்குள் ஓடியதை இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்ல முடியும். ஆஸ்பத்திரி வேலை, பொறுப்பாளர் பதவி. போனால் இவர் திரும்பி வரவே மாட்டார். ஹெட் ஆபீஸ் நாளைக்கே சரி என்று சொன்னாலும் நான் யாரைக் கூப்பிடுவேன்? இவரைப் போல இன்னொருத்தர் எனக்கு எங்கே கிடைப்பார்?

"பரவாயில்லை" என்றேன்.

அந்தப் பக்கம் விசைப்பலகையில் டக்கென்று ஒரே ஒரு தட்டு கேட்டது. "அவ்வளவுதானா மேடம்? வேற ஏதாவது சொல்லணுமா?"

பாவம், அந்தப் பெண் எனக்கு இன்னொரு வாய்ப்பும் கொடுத்தாள். "அவ்வளவுதான்மா, லாரி நிக்குது" என்று வைத்துவிட்டேன். ஐஸ் பெட்டிகளை எண்ணி உள்ளே வைத்தேன். கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் டீ நன்றாகவே இறங்கியது.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். "கிடைக்கலை மேடம். அந்த இன்னொருத்தரை எடுத்துட்டாங்க."

"அவங்களுக்குக் குடுத்து வைக்கலை, விடுங்க" என்றேன். என் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் சின்னதாக ஒரு நிம்மதியும் இருந்தது. அதை நான் அப்போதே பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கேட்டால் சொல்லிக்கொள்ளத்தான் காரணம் கைவசம் இருந்ததே. நான் என்ன அவரைக் குறையா சொன்னேன்? பரவாயில்லை என்றுதானே சொன்னேன்? புருஷனின் சமையலுக்கும் பெற்ற பெண்ணின் படிப்புக்கும் சொன்ன சொல்தானே?

நாலு மாசம் ஓடியது. ஹெட் ஆபீஸிலிருந்து அந்த இடம் அனுமதியாகி வந்தது. பெயரை மட்டும் ஜம்பமாக மாற்றியிருந்தார்கள், 'சரக்கு ஒருங்கிணைப்பாளர்' என்று. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறி எச்.ஆர். அதிகாரியிடம் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயசில் அப்படி ஏறியதற்கு முழங்கால் ஒரு வாரம் வலித்தது.

"ஆள் ரெடி" என்றேன். "நம்ம தேதியைக் கூப்பிட்டுடலாம்."

எச்.ஆர். அதிகாரி என்னைவிடப் பத்து வயசு சின்னவர். மேஜையில் ஒரு தூசு இருக்காது. அவர் கணினியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "முடியாதே மேடம். ஆள் குறைப்புல போனவங்களை ரெண்டு வருஷத்துக்கு எடுக்கக் கூடாது. விதி. பேரைப் போட்டாலே சிஸ்டம் சிவப்புக் காட்டும், பாருங்க."

"இது எப்போதிலேர்ந்து?"

"எப்பவுமே இருக்கே. நீங்க கேக்கவே இல்லையே?"

நான் கேட்கவே இல்லை. கடிதம் எழுதத் தெரிந்தது, வாக்குக் கொடுக்கத் தெரிந்தது, இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை. திரும்ப வரவே முடியாத ஓர் இடத்துக்காக ஒரு மனிதரை நான் பிடித்து வைத்திருக்கிறேன். படியிறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

ஆனாலும் அப்போதுகூட முழுக் குற்றமும் என் தலையில் இறங்கவில்லை. என் சொல்லால்தான் அவருக்கு அந்த ஆஸ்பத்திரி வேலை போனது என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் நினைத்தது தப்பு, ஆனால் சொன்னது பாராட்டுதான் என்று அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விளம்பரம் போட்டார்கள். இருநூற்றுச் சொச்சம் விண்ணப்பம். எங்கள் காலத்தில் ஆளைப் பார்த்து எடுத்தார்கள். இப்போது முதலில் கணினி பார்க்கிறது. அது என்ன கண்டதோ, ஒன்பது பேரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைக் கழித்துக்கட்டியது. ஒன்பது பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் மாதிரி பேசினார்கள். உங்கள் பலவீனம் என்ன என்று எச்.ஆர். அதிகாரி கேட்டால், "அளவுக்கு மீறி உழைச்சிடுவேன் சார்" என்றார்கள். அப்படி உழைத்துச் சாகிறவர்கள் ஒன்பது பேர் ஒரே நாளில் வந்தது எங்கள் பாக்கியம்தான். அவர்களில் ஒரு பெண் மட்டும், "தூக்கக் கலக்கத்துல எட்டும் மூணும் எனக்கு ஒண்ணாத் தெரியும் மேடம், அதனால ராத்திரி ஷிஃப்ட்ல ரெண்டு தடவை பார்ப்பேன்" என்றாள். எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது. குழந்தைக்காக மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலை தேடுகிறவள்.

"பழைய முதலாளிகிட்ட நீங்களே விசாரிச்சிடுங்க மேடம், உங்களுக்குத்தானே ஆள்" என்று எச்.ஆர். அதிகாரி ஒரு படிவத்தைத் தள்ளினார். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கட்டம். மிக நன்று, நன்று, சுமார், மோசம்.

அவளுடைய பழைய முதலாளி எதையோ மென்றுகொண்டே பேசினார். நேரத்துக்கு வருவாளா, வருவாள். நாணயம், உண்டு. வேலை எப்படி என்று கேட்டேன்.

"பரவாயில்லைங்க" என்றார்.

நான் 'சுமார்' கட்டத்தில் டிக் போட்டேன்.

யோசித்துப் போடவில்லை. கை தானாகப் போட்டது. நன்றி சொல்லி போனை வைத்துவிட்டு, அடுத்த படிவத்தை எடுக்கப் போனவள், அந்த டிக்கைப் பார்த்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புருஷனுக்கும் பெண்ணுக்கும் கொடுத்த சொல்லை, அடுத்தவர் வாயிலிருந்து வந்ததும் நானே 'சுமார்' என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

உடனே அந்த முதலாளிக்குத் திரும்ப போன் போட்டேன். "மன்னிக்கணும், பரவாயில்லைன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

மெல்லுவது நின்றது. "என்னம்மா கேள்வி இது? பரவாயில்லைன்னா பரவாயில்லைதான்."

"சுமார்னு எடுத்துக்கட்டுமா?"

"ஐயையோ, யாரு சொன்னா சுமார்னு? அந்தப் பொண்ணு போனப்புறம் அந்த இடத்துக்கு ரெண்டு பேரைப் போட்டேன், ரெண்டு பேரும் சேர்ந்து அது பார்த்ததுல பாதி பார்க்கலை. பரவாயில்லையேன்னு சொல்ல வந்தேன். ஏதோ வாய்ல போட்டு மென்னுக்கிட்டிருந்தேன், அந்த 'யே' விழுந்து போச்சு."

நான் அந்த டிக்கை அடித்துவிட்டு 'மிக நன்று' கட்டத்தில் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அவளைத்தான் எடுத்தோம். இன்றைக்கு அவள் என் கிடங்கில் இருக்கிறாள், நன்றாகவே பார்க்கிறாள். அதை அவளிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லியும்விட்டேன்.

ஆனால் அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்து நான் அந்த ஒற்றை எழுத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'பரவாயில்லையே' என்றால் அதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது, ஒரு தட்டிக்கொடுத்தல் இருக்கிறது. அந்த ஏகாரத்தை எடுத்துவிட்டால், காலை மிதித்தவனிடம் சொல்லும் பரவாயில்லை, ஜுரம் கொஞ்சம் இறங்கியவன் சொல்லும் பரவாயில்லை. எந்த அளவுக்கும் பொருந்தும், எதற்கும் பிடி கொடுக்காது. அந்த முதலாளிக்கு ஏகாரம் வாயிலிருந்து தவறி விழுந்தது. எனக்குத் தவறி விழவில்லை. என் வாய் வெறும் வாயாகத்தான் இருந்தது. பிடி கொடுக்காத சொல் ஒன்று எனக்கு அந்த நேரம் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டேன். சண்டாளி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிப் பெண்ணின் நம்பர் என் போனில் இன்னும் இருந்தது. நானும் இப்போது ஆள் எடுக்கிறவள் என்று சொல்லி, சுற்றி வளைத்து, கடைசியில் கேட்டேவிட்டேன். அவள் முதலில் தயங்கினாள். பிறகு விசைப்பலகையில் தட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"வெளியில சொல்லக் கூடாது மேடம். ஆனா நீங்களே கேக்கறதால சொல்றேன். ரெண்டு பேரும் சரிசமமா இருந்தாங்க. இவருக்கு ஒரு மருந்துக்கடைக்காரர் ஆஹா ஓஹோன்னு சொன்னாரு. நேர் மேலதிகாரி நீங்க மட்டும்தான் பரவாயில்லைன்னீங்க. நாங்க மேலதிகாரி சொல்றதைத்தான் எடுத்துப்போம். பதினோரு வருஷம் கூடவே வெச்சிருந்தவங்களே ஒரு வார்த்தைக்கு மேல பேசலைன்னா ஏதோ இருக்கும்னு எங்க தலைவர் சொல்லிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "ஏன் மேடம், தப்பா எழுதிட்டேனா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. நீ சரியாத்தான் எழுதியிருக்கே."

அந்த ஞாயிற்றுக்கிழமை தேதியின் வீட்டுக்குப் போனேன். என் கணவர் வேண்டாம் என்றார். "சொல்லி என்ன ஆகப் போகுது? அந்த வேலை திரும்ப வருமா? உன் மனசு லேசாகணும்னு அந்த மனுஷன் மனசைப் புண்ணாக்கப் போறியா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் போனேன். தேதியின் வீட்டில் என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்புதான் என்னைக் கொன்றது.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அவர் மனைவி கதவைத் திறந்து, "வாங்கக்கா, உள்ள வாங்க, சத்தம் போடாம வாங்க" என்று வாயில் விரலை வைத்தாள். உள்ளே சுவரில் ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டி, அதன் முன்னால் தேதி உட்கார்ந்திருந்தார். மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே வீட்டில் போடும் சாயம் போன அரைக்கால் சட்டை. முன்னால் நாலு பாத்திரங்களை அடுக்கி அதன் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். இப்போதெல்லாம் முதல் சுற்றில் ஆள் யாரும் வருவதில்லையாம். திரையில் கேள்வி மட்டும் வரும். நாம் கேமராவைப் பார்த்து இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்ல வேண்டும். அவர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் அவர் பல் எனக்கு அவ்வளவு தெரிந்ததில்லை. தலைமுடிக்குக் கன்னங்கரேலென்று மை பூசியிருந்தார்.

பதிவு முடிந்ததும் என்னைப் பார்த்துப் பதறி எழுந்தார். அரைக்கால் சட்டை ஞாபகம் வந்து, போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

"நல்லாப் பேசறீங்களே" என்றேன். வேறு எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"எங்க மேடம். ஒரு வகுப்புல சேர்ந்து கத்துக்கிட்டிருக்கேன். அந்த ஆஸ்பத்திரி வேலை போனதுலேர்ந்துதான். என் வாயாலதான் அது போச்சு."

"உங்க வாயாலயா?"

அவர் மனைவி டீயோடு வந்தாள். "அதையே சொல்லிச் சொல்லி மருகறாருக்கா. அஞ்சு மாசமா இதே பாட்டுதான்."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "கடைசிச் சுற்றுல ஒரு கேள்வி கேட்டாங்க மேடம். உங்க மேலதிகாரி தப்புப் பண்ணினா என்ன செய்வீங்கன்னு. எடுத்துச் சொல்லுவேன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் நீங்க லாரியில ஏத்தச் சொன்ன காய்ச்சல் மருந்தை அப்புறம் இறக்கச் சொன்னீங்களே, அதையும் சொன்னேன். காலாவதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி இருந்த சரக்கு அது. எங்க மேடம்கிட்ட சொன்னேன், அவங்க உடனே கேட்டுக்கிட்டாங்க, அப்படி ஒருத்தங்ககிட்ட வேலை பார்த்தது என் அதிர்ஷ்டம்னு சொன்னேன். எதிர்ல இருந்த மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு. மேலே இருக்கறவங்களைத் தப்புச் சொல்றவனை யாரு வேலைக்கு வெப்பாங்க?"

நான் உடனே கேட்டுக்கொள்ளவில்லை. எல்லார் முன்னாலும் அவரை ஐந்து நிமிஷம் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் பெட்டியைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன். அந்த ஐந்து நிமிஷத்தை அவர் அங்கே சொல்லாமல் விட்டிருக்கிறார். எனக்காக விட்டிருக்கிறார்.

"இப்போ அந்தக் கேள்வி வந்தா என்ன சொல்றீங்க?"

"மேலதிகாரி சொல்றபடி செய்வேன்னு சொல்றேன் மேடம். ஆறு இடத்துல சொல்லிட்டேன். அதுக்கும் எடுக்கலை."

டீயைக் கீழே வைத்தேன். சொன்னேன். போன் வந்ததை, லாரி நின்றதை, நான் சொன்ன ஒற்றைச் சொல்லை, ஏன் சொன்னேன் என்பதை, திரும்ப எடுக்கக் கூடாது என்ற விதியை, அந்தப் பெண் படித்துக் காட்டியதை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். லாரி அவசரம் என்று ஒரு சாக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் நல்ல மனசோடு அதே சொல்லை என்னிடம் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்போ நான் சொன்ன பதிலால இல்லையா மேடம்?"

"இல்லை. உங்க பதிலால இல்லவே இல்லை. என்னாலதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. அதுவரைக்கும் நீங்களும் அந்த இன்னொருத்தரும் சரிசமமா இருந்தீங்களாம்."

அவர் எழுந்தார். போர்வை நழுவியதுகூடத் தெரியாமல் சமையலறைப் பக்கம் திரும்பி, நான் ஒருநாளும் கேட்டிராத குரலில் கூப்பிட்டார். "ஏம்மா, கேட்டியா? நான் சொன்னது தப்பில்லையாம்! என் பதில் சரிதானாம்!" அவர் மனைவி அங்கே சுவரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் கலங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். என் மேல் ஒரு துளி கோபம்கூட அவருக்கு வரவில்லை, அதற்கு அவருக்கு இடமே இல்லை, அவ்வளவு சந்தோஷம். ஐந்து மாசமாக அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அந்தச் சந்தோஷத்தில்தான் தெரிந்தது. அவர் என்னை அடித்திருந்தால் தேவலை.

கொஞ்ச நேரத்தில் தணிந்து உட்கார்ந்தார். போனை எடுத்து எதையோ திறந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. இப்பப் பேசினேனே, அந்தக் கம்பெனிப் படிவத்துலயும் விசாரிக்கறதுக்கு உங்க நம்பரைத்தான் போட்டிருக்கேன். நாளைக்குள்ள மாத்திக்கலாம்னு இருக்கு."

"மாத்தாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. "இந்தத் தடவை நான் நல்லாச் சொல்லுவேன். எவ்வளவு நேரம் கேட்டாலும் சொல்லுவேன்."

"சொல்லுவீங்க மேடம், எனக்குத் தெரியும்." அவர் அதை முழு மனசோடுதான் சொன்னார். "ஆனா அவங்க உங்களுக்கு போன் பண்ணி முடிக்கற வரைக்கும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்குமே. அதான்."

கீழே வைத்த டீயை மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன்.

"நம்ம லோடுமேன் ஒருத்தர் இருக்காரே, ஏணி இல்லாமயே மேல் தட்டை எட்டுவாரே, அவர் நம்பரைப் போட்டா ஒத்துப்பாங்களா மேடம்? மேலதிகாரியாத்தான் இருக்கணும்னு விதி ஏதாவது இருக்கா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"விதி இல்லை" என்றேன். "கூட வேலை பார்த்தவங்க யாரா இருந்தாலும் போதும்."

"அவர் நம்பர் என்கிட்ட இல்லையே."

என் போனில் இருந்தது. தேடி எடுத்து ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். அவர் என் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அடித்துச் சேர்த்தார். ஓர் எண் தப்பாக விழுந்துவிட்டது என்று திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன்.